டீச்சரிடம் கேளுங்கள்: விளக்குமாறு எடுத்த அம்மாவும் சாக்குத் துணிப் படமும்

(சேலம் குகையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, கலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கல்லூரி விழாவில், டீக்கடையில் சாதி பார்த்துத் தனித்தனி டம்ளர் கொடுக்கும் இரட்டைக் குவளையை எதிர்த்து ஒரு நாடகம் போட்டோம் டீச்சர். கடைசியில் நாயகன் கடைக்காரர் கையிலிருந்து கண்ணாடி டம்ளரைப் பிடுங்கிக் குடிப்பான். அரங்கமே எழுந்து கைதட்டியது. அடுத்த வாரம் அதே நாடகத்தை ஒரு ஊரில் தெருவில் போட்டோம். யாரும் கைதட்டவில்லை, பேசாமல் கலைந்து போய்விட்டார்கள். எங்கே தப்பு செய்தோம்?
- கல்லூரி மாணவர், ஆத்தூர்

தம்பி, உங்கள் நடிப்பில் குறை இருந்திருக்காது. அந்த முடிவை எழுதியது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். டம்ளரைப் பிடுங்கிய பிறகு நீங்கள் பஸ் ஏறி விடுதிக்கு வந்துவிட்டீர்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் காலையில் அதே கடை வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

எனக்கும் இதேதான் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து நாடகம் போடப் போனவள் நான். வாழப்பாடிப் பக்கம் ஒரு ஊர். பெட்ரோமாக்ஸ் விளக்கு, நடுத்தெரு, ஏறக்குறைய உங்கள் கதைதான். எங்கள் முடிவும் வீரமான முடிவுதான். முடிந்ததும் முன்வரிசையில் பேரனை மடியில் போட்டிருந்த ஒரு பாட்டி, "முடிவு நல்லாத்தான் இருக்கு கண்ணு. நாளைக்கு அவன் யாரு காட்டுக்கு வேலைக்குப் போவான்?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. எங்களில் ஒருவருக்கு நல்ல புத்தி வந்து, "அப்ப நீங்க சொல்லுங்க பாட்டி, என்ன செய்யலாம்?" என்றார். பாட்டி எழுந்திருக்கக்கூட இல்லை. "டம்ளரை எதுக்குப் புடுங்கணும்? களைவெட்டு சமயத்துல களைக்கொத்தை வீட்டுல வெச்சிட்டு உக்காந்துக்கிட்டாப் போதும். பதினஞ்சு பொம்பளைங்க உக்காரணும், அவ்வளவுதான்." உடனே பின்னாலிருந்து ஒரு பெண், "பதினஞ்சு பேரும் உக்காருவமா? உன் மருமவ உக்காருவாளா?" என்றார். அதற்கப்புறம் நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. யார் உட்கார்வார்கள், யாருக்கு வட்டிக்கடன் இருக்கிறது, யார் வீட்டுத் தண்ணீர் யார் கிணற்றிலிருந்து வருகிறது என்று ஒரு மணி நேரம் போனது. பெட்ரோமாக்ஸ் மங்கி, ரெண்டு தடவை காற்றடித்தோம்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் இந்த இடத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தவர். தொடக்கத்தில் அவர் குழுவும் ஊர் ஊராகப் போய், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடிய குழுதான். ஒரு ஊரில் நாடகம் முடிந்ததும் ஒரு விவசாயி கண்ணீரோடு வந்து, "வாங்க, உங்க துப்பாக்கியை எடுத்துக்கிட்டு இப்பவே போய் நிலத்தை மீட்போம்" என்றார். அவை நாடகத்துக்கான பொய்த் துப்பாக்கிகள். "துப்பாக்கிதான் பொய், நாங்கள் நிஜம்" என்று இவர்கள் சமாளிக்க, "பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வாருங்கள்" என்றாராம் அவர். தான் செய்யத் துணியாததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அன்றோடு நிறுத்தியதாகப் போவால் எழுதியிருக்கிறார்.

1973இல் அவர் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோது நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். கணவன் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வாங்கி, வீடு கட்ட என்று சொல்லி, அத்தாட்சியாகச் சில தாள்களைக் கொடுத்திருக்கிறான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தால், எல்லாம் இன்னொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள்! கணவன் இன்றிரவு வீட்டுக்கு வருகிறான், இவள் என்ன செய்ய வேண்டும்? இதுதான் நாடகம். பார்வையாளர்கள் யோசனை சொன்னார்கள், நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பருத்த அம்மா மட்டும் திருப்தியில்லாமல் உட்கார்ந்திருந்தார். "அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும்" என்றார் அவர். நடிகை தெளிவாகப் பேசிக் காட்டினார். "இப்படி இல்லை, ரொம்பத் தெளிவாக" என்றார். மறுபடியும் நடித்தார்கள், மறுபடியும் அவருக்குக் கோபம். கடைசியில் போவால் அவரையே மேடைக்கு அழைத்தார். அந்த அம்மா ஏறி வந்து, விளக்குமாற்றை எடுத்து, கணவனாக நடித்தவரை நிஜமாகவே வெளுத்தாராம். அப்புறம் சாப்பாடு எடுத்து வரச் சொல்லி அவனை அடுக்களைக்கு அனுப்பினாராம். "தெளிவாகப் பேசுவது" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அவ்வளவு நேரம் அந்த மேடையில் யாருக்கும் புரியவில்லை.

அடுத்த முறை உங்கள் நாடகத்தை டம்ளரைப் பிடுங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் நிறுத்திவிடுங்கள். "இப்ப இவன் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அமைதி நீளும். பயப்படாதீர்கள், காத்திருங்கள். யாராவது எழுந்து வந்தால் இடம் விட்டு விலகி நில்லுங்கள்.

வாழப்பாடிப் பக்கம் அந்த ஊருக்கு ஒன்றரை வருடம் கழித்துப் போனேன். டீக்கடையில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப். கழுவும் பேச்சே இல்லை. அது நியாயமா, நியாயத்திலிருந்து நழுவிய தந்திரமா? இன்றுவரை அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டும், அன்று அவர் ஊரில் இல்லை.

கேள்வி: தெருவில் நாடகம் போட வசனத்தைப் போலீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டுமா?
- வாசகர், தாரமங்கலம்

நீலச் சாயத்துக்காக அவுரியைப் பயிரிடவைத்த கொடுமையையும் வெள்ளைக்காரர் அதிகாரத்தையும் வங்காளத்தில் மேடையேற்றியதைப் பொறுக்காமல் ஆங்கில அரசு 1876இல் நாடகத் தடைச் சட்டம் போட்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்கள் இங்கே புயலைக் கிளப்பிய காலத்தில், 1954இல், நம் மாநிலமே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. பொது இடம், ஒலிபெருக்கி, போக்குவரத்து ஆகியவற்றுக்காகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயமாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியை அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். ஜனவரி 4ஆம் தேதி அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள்.

கேள்வி: என் மகள் பறை கற்றுக்கொள்கிறாள். "சாவு மேளத்தைப் பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டாயே" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது?
- ஒரு தந்தை, எடப்பாடி

முதலில், மகளைத் தடுக்காமல் என்னிடம் கேட்டீர்களே, அதற்கு நன்றி ஐயா.

சொந்தக்காரர்களுக்கு வரலாறு வேண்டுமென்றால், சங்க இலக்கியத்தில் ஐந்திணைக்கும் அதனதன் பறை உண்டு என்று சொல்லுங்கள். பறை என்றால் சொல் என்றே பொருள். 'சாவு மேளம்' என்ற பெயர் அந்தத் தோலில் பிறந்ததில்லை. ஊர் ஒதுக்கிவைத்த சனங்கள் வாசித்ததால் வாத்தியத்தையும் சேர்த்து ஒதுக்கினார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டு, கானாவையும் பறையையும் கிடாரோடு சேர்த்து வாசித்தது.

இவ்வளவும் சரி. ஆனால் உங்கள் மகளிடம் நான் பேச விரும்புவது வேறு. இதே தமிழ்நாட்டில் பல ஊர்களில் "இனிமேல் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்" என்று சொல்லி, அதற்காக அடிபட்டு, வேலை இழந்து, பறையையே போட்டு உடைத்தவர்கள், கொளுத்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கலையை வெறுக்கவில்லை. கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை வெறுத்தார்கள். பறையை மேடையில் ஏற்றியவரும் பறையைத் தொட மாட்டேன் என்றவரும் கேட்டது ஒரே உரிமைதான்: எப்போது அடிப்பது, எப்போது அடிக்காமல் இருப்பது என்பதை நான் முடிவு செய்வேன். உங்கள் மகளுக்கு அந்த உரிமை பிறக்கும்போதே இருந்தது. அவளுடைய ஆசானுக்கோ, ஆசானின் அப்பாவுக்கோ இருந்ததா என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள் பார்த்திருப்பீர்கள். தொய்ந்திருந்த தோல் இறுகி, விரலால் சுண்டினாலே கணீரென்று வரும். இடது கையில் நீளமான மெல்லிய சுண்டுகுச்சி, வலது கையில் குட்டையான அடிகுச்சி. உங்கள் மகள் அடிக்க மட்டும் கற்றால் போதாது. தோலை யார் பதப்படுத்தினார், எவ்வளவு கூலி என்பதும் பாடத்தில் சேர்த்தி. சபாக்களில் மரியாதையாக உட்காரும் மிருதங்கத்திலும் மாட்டுத் தோல் உண்டு. அதைச் செய்கிற குடும்பங்களைத் தேடிப் போய், பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். மேடையில் இருப்பவர் மேடைக்குப் பின்னால் இருப்பவரின் பெயரைச் சொல்வது பெரிய விஷயம். மகள் முதல் நிகழ்ச்சிக்கு ஏறும்போது ஆசான் பெயரைச் சொல்லட்டும். ஆசானுக்கு உரிய சம்பளத்தை நீங்கள் கொடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலையாளிப் பழங்குடிப் பாட்டிமார்களை நிறைய படம் எடுத்திருக்கிறேன். சேலத்தில் கண்காட்சி வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
- புகைப்படக்காரர், அஸ்தம்பட்டி

மலைக்குத் திரும்பிப் போவதிலிருந்து.

வெளியூர்க்காரர்கள் 'மலையாளி' என்றதும் கேரளம் என்று நினைத்துவிடுகிறார்கள். மலையை ஆள்பவர், மலைக்காரர் என்றுதான் அர்த்தம். தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலையேறி வந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்த பிறகு அந்த மலை எஸ்டேட் ஆனது, பங்களா ஆனது, அப்புறம் 'ஏழைகளின் ஊட்டி' ஆனது. நாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஏரியையும் படகையும் படம் எடுத்து இறங்குகிறோம். மலைக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் படங்களில் இருப்பதே இல்லை, இருந்தால் சுருக்கம் விழுந்த முகமாக, பெயர் இல்லாமல் இருக்கிறார்கள். உங்கள் கண்காட்சியும் அதில் ஒன்றாகிவிடக் கூடாது.

படங்களைச் சின்ன அளவில் அச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பாட்டியிடமும் அவர் படத்தைக் கையில் கொடுங்கள். "இதை ஊரில் மாட்டட்டுமா? கீழே என்ன எழுதட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் அருமை என்று நினைத்த படத்தைத் தள்ளிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு வேறு படம் எடுக்கச் சொல்லலாம், எடுங்கள். முதல் கண்காட்சியை மலைக்கிராமத்திலேயே, பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் மரத்தடியிலோ கயிறு கட்டி மாட்டுங்கள். சென்னையில் எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமரா கற்றுக்கொடுத்து, தங்கள் வீட்டைத் தாங்களே படம் எடுக்க வைத்திருக்கிறார். உங்கள் பழைய கேமரா ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் அல்லவா?

கேள்வி: தெருக்கூத்து பழைய ராஜா கதைதானே. அதில் என்ன கேள்வி கேட்டுவிட முடியும்?
- வாசகி, மேச்சேரி

மேச்சேரியிலிருந்து இந்தக் கேள்வியா! கூத்து நடக்கும் ராத்திரியில் முழுசாக விழித்திருந்து பாருங்கள் அம்மா. திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவைப் பார்த்து "வந்திருக்கிறது யாரு?" என்று கேட்பவன் கட்டியங்காரன். ராஜா தன் பெயரை அவனிடம் சொல்லித்தான் சபைக்குள் வர முடியும். பஞ்சாயத்துத் தலைவரையும் ரேஷன் கடையையும் அவன் கதைக்குள் இழுத்துவிடுவான். துகிலுரிதல் அன்று சேலையைத் தொடுவதற்கு முன் துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நடிக்கும்போதுகூட அது பாவம் என்று அந்தக் கலைக்குத் தெரிந்திருக்கிறது. பெண்கள் இன்னும் அதிகமாக வேடம் கட்ட வேண்டும் என்பதுதான் என் குறை.

கேள்வி: நாங்கள் பதினோரு பெண்கள், மகளிர் குழுவில் சேர்ந்து கட்டிங் பீஸ் தைக்கிறோம். எங்கள் வேலையையும் எங்கள் கஷ்டத்தையும் பற்றிப் படமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. பெயிண்ட் வாங்கப் பணம் இல்லை, ஒருவருக்கும் வரையத் தெரியாது. வழி உண்டா டீச்சர்?
- குழுவினர், அம்மாபேட்டை

உண்டு. உங்களிடம் ஊசி இருக்கிறது, துண்டுத் துணி இருக்கிறது. மளிகைக் கடையில் ஒரு பழைய சணல் சாக்கு கேட்டு வாங்குங்கள்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்தார். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனார்கள், பலர் திரும்பி வரவே இல்லை. எங்கே என்று கேட்கப் போன அம்மாக்களையும் மனைவிகளையும் ஒவ்வொரு அலுவலக வாசலாக அலையவிட்டார்கள். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. அந்தப் பெண்கள் தேவாலயக் கூடங்களில் கூடி உட்கார்ந்து, சாக்குத் துணியின் மேல் துண்டுத் துணிகளை வைத்துப் படம் தைத்தார்கள். அந்தப் படங்களுக்கு 'ஆர்பியேரா' என்று பெயர். அவர்கள் மொழியில் சாக்குத் துணி என்றே அர்த்தம். பின்னால் ஆண்டிஸ் மலை, மேலே சூரியன், கீழே சின்னச் சின்னத் துணிப் பொம்மையாக மனிதர்கள், பொதுக் கஞ்சித் தொட்டி, பூட்டிய தொழிற்சாலை, "எங்கே அவர்கள்?" என்று கேட்கும் பெண்கள். சில படங்களில் பொம்மையின் சட்டை, காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே வெட்டியது. பொம்பளைங்க தையல்தானே என்று தொடக்கத்தில் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. தேவாலய அமைப்பு அவற்றை வாங்கி, நாட்டுக்கு வெளியே ரகசியமாக அனுப்பியது. பத்திரிகைகள் சொல்ல முடியாததை அந்தச் சாக்குகள் வெளியுலகத்துக்குச் சொல்லின. தைத்தவர்கள் வீட்டில் அடுப்பும் எரிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மாவைத்தான் நினைத்தேன். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வார். அம்மா விடியற்காலையிலிருந்து ராட்டையில் தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டுதான் தார். பாவு நூல் அறுந்தால் பிணைப்பதும் அம்மாதான். தார் இல்லாவிட்டால் நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் சேலை இல்லை. கூலி நோட்டில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். ஒருநாள் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "உங்க வீட்டம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். ராட்டைச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. அவர் குரலை உயர்த்தி ரெண்டாவது தடவை கேட்டார். அப்பா, "வீட்டுல சும்மாதாங்க இருக்கு" என்றார். அம்மா ராட்டையை நிறுத்தவில்லை. அப்பா கெட்டவர் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். 'என் குடும்பம்' என்று வரையச் சொன்னால், அம்மாவின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுவேன்.

செய்முறை சொல்கிறேன். சாக்கைப் பிரித்து வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தூசி மூக்கில் ஏறும். ஒன்றரை அடிக்கு ஒரு அடி வெட்டி, நூல் பிரியாமல் நாலு ஓரமும் மடித்துத் தையுங்கள். முதலில் தரையும் மலையும். அவர்களுக்கு ஆண்டிஸ் என்றால் நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை: சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை. அப்புறம் வீடு, தெரு, மெஷின். மனிதர்களைக் கடைசியில் வையுங்கள். உருண்டையாகப் பஞ்சு திணித்துத் தலை, அதற்கு நூலில் முடி. அரை விரல் உயரம் போதும். நிஜ முடிச்சுப் போட்ட கொண்டை வைத்துப் பாருங்கள், யார் யாரென்று அடையாளம் தெரியும்.

ஒவ்வொருவரும் ஒரு சாக்கு. அதில் பாதியில் இப்போது இருப்பதைத் தையுங்கள். ஒரு பீஸுக்கு என்ன கொடுக்கிறார்கள், யார் கணக்கு எழுதுகிறார், கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, எல்லாம். மறு பாதியில் எப்படி இருக்க வேண்டுமோ அதைத் தையுங்கள். இந்த ரெண்டாவது பாதி கஷ்டம். பலருக்குக் கை நின்றுவிடும், "வேற எப்படி இருக்கும்?" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், பேசிக்கொண்டே உட்காருங்கள். ஒருத்திக்கு ஜன்னல் வேண்டும் என்று தோன்றும், ஒருத்திக்குக் கணக்கு நோட்டு தன் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றும். தோன்றியதும் துணியை வெட்டிவிடுங்கள். மூலையில் பெயரைத் தையுங்கள், கையெழுத்து வராவிட்டால் உங்களுக்கென்று ஒரு பூ, ஒரு பூட்டு, எதுவானாலும் சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அம்மாபேட்டைக்கு வருகிறேன். டிசைன் வரைந்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டேன். நானும் ஒரு சாக்கோடு பன்னிரண்டாவது ஆளாக உட்கார்வேன். பெட்டியில் அம்மாவின் பழைய சேலை ஒன்று இருக்கிறது, ஓரம் நைந்துவிட்டது, நடுவில் நன்றாக இருக்கிறது. ராட்டை வெட்டுகிற அளவுக்குத் தேறும்.